கனவுக் காரைப் புனைதல்

புனைதல் என்னும் சொல் தமிழில் இரு தொழிலுக்கு உரியது. மாலை சூடுவதும் புனைதல். பாட்டு இயற்றுவதும் புனைதல். உள்ள பொருளுக்கு அழகு சேர்ப்பதையும், இல்லாத பொருளை ஆக்குவதையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது என்று கண்டனர் போலும். அந்தக் கோட்டை இன்று நேரிற் காண விரும்புவோர், கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில் ஓர் இளைஞன் தன் கனவுக் காரைச் செப்பஞ் செய்யும் காட்சியைச் சற்று நேரம் பார்த்திருந்தாற் போதும்.

தமிழாசிரியர்கள் படிக்கும் இப்பக்கத்தில் வீடியோ விளையாட்டிற்குத் திறனாய்வா என்று அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். திரைப்படத்தையும் ஒரு காலத்தில் நாம் இவ்வாறே வாசலில் நிறுத்தி வைத்தோம். கட்டுரை ஏட்டில் பத்து வரி எழுதச் சலிக்கும் மாணவன், தன் காரின் முன்சக்கரச் சாய்வைக் கால் பாகை கூட்டலாமா குறைக்கலாமா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஓட்டிப் பார்க்கிறான், திரும்ப வருகிறான், மாற்றுகிறான், மீண்டும் ஓட்டுகிறான். அவன் அங்கே செய்வது வெறும் பொழுதுபோக்கா, ஆக்கமா? இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே அவனோடு நாம் பேசப்போகும் முறையும் அமையும். ஆதலின் வினா சிறிதன்று. ஆனால் எல்லா விளையாட்டிற்கும் ஒரே விடை கூற இயலாது. சில விளையாட்டுகள் அவனை ஆக்குவோன் ஆக்குகின்றன. சில அவனை வெறும் கடை வாடிக்கையாளன் ஆக்கி அனுப்பிவிடுகின்றன.

1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளிவந்த கிரான் டூரிஸ்மோ என்னும் விளையாட்டிலிருந்து தொடங்குவது முறை. கசுனோரி யாமாவுச்சி என்பாரின் தலைமையில் உருவானது அது. அதற்கு முன் வந்த பந்தய விளையாட்டுகள் பெரும்பாலும் சிவப்புக் கார் ஒன்றை ஆடுவோன் கையில் கொடுத்து, ஓட்டு என்று கூறிவிடும். கிரான் டூரிஸ்மோ அவ்வாறு செய்யவில்லை. 10,000 கிரெடிட் என்னும் விளையாட்டுப் பணத்தைக் கொடுத்து, பழைய கார் விற்கும் கடைக்கு அவனை அனுப்பியது. அந்தப் பணத்திற்குச் சூப்பர் கார் கிடைக்குமா? யாரோ ஓட்டித் தேய்த்த சிறு கார் ஒன்றுதான் கிடைக்கும். பந்தயத்தில் நுழையவும் ஓட்டுநர் உரிமத் தேர்வு எழுதித் தேறவேண்டும். முதற்பரிசுப் பணத்தில் ஒரு புகைக்குழாய், அடுத்த பரிசில் எஞ்சினுக்கு ஒரு கணினிச் சில்லு, பிறகு டர்போ, பிறகு நல்ல டயர். இவ்வாறு ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்து கார் வளர்ந்தது. பத்துப் பந்தயம் கழித்து அந்தக் காரை நோக்கும்போது, அதன் ஒவ்வோர் உறுப்பும் எந்த வெற்றியில் வந்தது என்று ஆடுவோனுக்குத் தெரியும். வீட்டைச் சிறுகச் சிறுகக் கட்டியவன் ஒவ்வொரு தூணையும் தடவிக் காட்டுவானே, அவ்வகைப் பெருமிதம் அது. கனவுக் கார் தொலைவில் இருந்தது என்பதே அவ்விளையாட்டின் முதற் சிறப்பு.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2003-இல், நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் வந்தது. 2001-இல் வெளியான தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ் திரைப்படம் கிளப்பிவிட்ட இரவுப் பந்தய மோகம் அதன் வித்து. ஈரத் தெருக்களில் நியான் விளக்குகள் மின்ன, கார்களின் அடிவயிற்றில் நீல ஒளி கசிய, ஒரு தலைமுறை இளைஞர் அதில் மயங்கினர். மயங்கியதிற் குறை காண யான் முன்வரவில்லை; அந்த இரவு நகரின் அழகு உண்மையான அழகே. மேலும், பெருஞ்செல்வர் ஏறும் கார்களை ஒதுக்கி, ஹோண்டா சிவிக் போன்ற தெருவில் காணும் கார்களைக் கனவுப் பொருள் ஆக்கியது அதன் துணிவு.

குறை எங்கே எனின், அழகுக்கு அது வகுத்த அளவுகோலில். காரின் தோற்றத்திற்கு நட்சத்திரங்கள் வழங்கப்பட்டன. முன் தடுப்பை மாற்றினால் மதிப்பு ஏறும். கூரையில் காற்று வாங்கும் துளை வைத்தால் ஏறும். பக்கமெல்லாம் படம் ஒட்டினால் இன்னும் ஏறும். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்திலோ, நட்சத்திரம் போதுமான அளவு சேர்ந்தாலன்றி இதழ் அட்டைக்குப் படம் எடுக்க அழைப்பு வராது. ஆகவே, தனக்குப் பிடித்த எளிய காரை எளிமையாகவே வைத்திருக்க விரும்பியவனும், விளையாட்டில் மேலே செல்லும் பொருட்டு வேண்டாத இறக்கையையும் வேண்டாத விளக்கையும் வாங்கி மாட்டினான். செய்யுளில் உள்ள உவமைகளை எண்ணி, எண்ணிக்கைக்கேற்ப மதிப்பெண் இடும் ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் வகுப்பில் எப்படிப்பட்ட பாட்டுகள் பிறக்குமோ, அப்படிப்பட்ட கார்களே அந்த நகரில் ஓடின. குறைத்தலும் ஓர் அழகு என்பதை அந்த அளவுகோல் அறியவே இல்லை.

அணி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதற்கு உண்மை உலகிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். கோர்டன் மர்ரே வடிவமைத்து 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 என்னும் கார், பந்தய விளையாட்டுகள் பலவற்றில் உச்சியில் வைத்துப் போற்றப்படும் கனவுக் காராகும். பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106 தான் செய்யப்பட்டன. ஓட்டுநர் நடுவில் அமர்வார். இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு இருக்கைகள். அதன் எஞ்சின் அறையைத் திறந்து பார்த்தால் உள்ளே பொன் தகடு ஒட்டப்பட்டிருக்கும். செல்வச் செருக்கென்று முதலில் தோன்றும். ஆனால் பொன் வெப்பத்தை நன்கு திருப்பி அனுப்பும் தன்மையது; பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினின் வெம்மை காரின் மென்மையான கார்பன் உடலைத் தாக்காமற் காப்பதற்கே அது அங்கு வந்தது. அதே மர்ரே, எடை கூடும் என்றும் ஓட்டுவோனுக்கும் சாலைக்கும் இடையே திரை விழும் என்றும் கருதிப் பவர் ஸ்டியரிங்கை விலக்கினார். பொன்னைச் சேர்த்த கை, சொகுசை நீக்கியது. இந்தக் காரை அண்டர்கிரவுண்டின் நட்சத்திரக் கணக்கரிடம் கொண்டு நிறுத்தினால் என்ன மதிப்புக் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி, நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். 2005-இல் தொடங்கிய ஃபோர்சா வரிசை விளையாட்டுகளில், ஒவ்வொரு காருக்கும் அதன் திறனைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. 2018-இல் வந்த ஃபோர்சா ஹொரைசன் 4-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 701 முதல் 800 வரை உள்ள கார்கள் ஏ வகுப்பு. 801 ஆனாற் போதும். கார் எஸ்1 என்னும் மேல் வகுப்பிற்குத் தள்ளப்பட்டுத் தன்னினும் வலிய கார்களோடு ஓடவேண்டியதாகும். எந்த உறுப்பை மாற்றினாலும் எண் மாறும். எஞ்சின் வலிமையைக் கூட்டினால் ஏறும். நல்ல டயர் மாட்டினாலும் ஏறும். எடையைக் குறைத்தாலும் ஏறும். எல்லாவற்றையும் ஒருங்கே பெற வழியில்லை.

வெண்பா எழுதிப் பார்த்த ஆசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஈற்றடி மூன்று சீரோடு நின்றாக வேண்டும். நான்காவது சீராக எத்துணை அழகிய சொல் வந்து காத்து நின்றாலும், புலவன் அதை விட்டுத்தான் தீரவேண்டும். அல்லது அச்சொல்லுக்காக முன்னடிகளைக் கலைத்து மீண்டும் கட்டவேண்டும். 800 என்பது அத்தகைய ஈற்றடி. நெடுஞ்சாலை மிகுந்த தடத்திற்குக் கார் அமைப்பவன் எஞ்சினில் எண்ணைச் செலவிட்டு டயரில் மிச்சம் பிடிப்பான். வளைவு மிகுந்த தடத்திற்கு அமைப்பவன் எஞ்சினைத் தொடாமல் விட்டு, டயரிலும் எடைக்குறைப்பிலும் செலவிடுவான். அகலமான டயர் தரையை இறுகப் பற்றும். ஆனால் கனம் கூடும். பின் இறக்கை வேகத்தில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும்; ஆனால் நேர்ப்பாதையில் காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டிய இந்தக் கணக்கினால், ஒரே காரை இருவர் அமைத்தால் இரண்டு கார்கள் பிறக்கின்றன. ஓட்டிப் பார்த்தவுடனே, இவன் அஞ்சாதவன், இவன் நிதானி என்று ஆளை இனங்காண முடிகிறது. நடையைக் கொண்டு ஆசிரியனை அறிகிறோம் என்கிறோமே, அதற்கு இது எவ்வகையில் வேறுபட்டது?

உறுப்புகளைத் தேர்ந்தபின் நுண்பணி தொடங்கும். கியர் விகிதத்தைக் குறுக்கினால் கார் பாய்ந்து கிளம்பும். ஆயின் உச்ச வேகம் குன்றும். சுருள்வில்லை விறைப்பாக்கினால் வளைவில் உடல் சாயாது. ஆயின் மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். இவற்றையெல்லாம் எழுத்தில் படித்தாற் சலிப்பூட்டும். காதினாலும் கையினாலும் உணர்ந்து திருத்துவது வேறு. ஒரு சொல்லை இடம் மாற்றிவிட்டு முழுப் பாட்டையும் மீண்டும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்க்கு அதன் சுவை விளங்கும்.

2022-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7-இல் இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. திறன் எண்ணை எல்லைக்குள் அடக்குவதற்காகக் காரில் வேண்டுமென்றே பாரத்தை ஏற்றலாம். அப்பாரத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்றும் தீர்மானிக்கலாம். பந்தயக் காருக்கு எடை பகையாயிற்றே என்று கேட்பீர்கள். முன்பக்கம் இலேசாகி வளைவில் திரும்ப மறுக்கும் காருக்கு, முன்னே வைத்த அளவான பாரம் பிடிப்பைத் தருகிறது. செய்யுளில் அசைநிலை என்று ஒன்று கற்பிக்கிறோம். பொருள் இல்லை, ஓசைக்காக நின்றது என்று கூறிக் கடந்துவிடுகிறோம். நல்ல புலவன் இட்ட அசைநிலை சும்மா நிற்பதில்லை என்பதை, இந்தப் பாரத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்த மாணவனுக்கு விளக்குவது எளிதாயிருக்கும் என்று தோன்றுகிறது.

ஃபோர்சாவிலும் குறை இல்லாமல் இல்லை. காற்றழுத்தத்தைத் திருத்தியமைக்க வேண்டுமாயின், பல கார்களுக்கு விளையாட்டே வைத்திருக்கும் பொதுவான பின் இறக்கை ஒன்றையும் முன் தடுப்பு ஒன்றையுமே மாட்டவேண்டும். இத்தாலியக் காராயினும் ஜப்பானியக் காராயினும் அதே இறக்கை. எந்தத் தலைவனைப் பாடினாலும் ஒரே அடைமொழியை ஒட்டிவிடும் புலவனைப் போன்றது இது. வேகம் வேண்டி அழகைத் துறந்த கார்கள் பல, முதுகில் ஒரே வடிவச் சுமையோடு வரிசையில் நிற்பதைக் காணும்போது பரிதாபமாக இருக்கிறது.

அதற்கு ஈடு செய்வது அவ்விளையாட்டின் வண்ணப் பட்டறை. அங்கே தூரிகை கிடையாது. வெளியிலிருந்து படம் கொண்டுவந்து ஒட்டவும் வழியில்லை. வட்டம், சதுரம், முக்கோணம், மெல்ல மங்கும் நிழற்பட்டை, எழுத்துகள் என்னும் அடிப்படை வடிவங்களே உள்ளன. அவற்றைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்து, இழுத்து, நிறந்தந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கியே உருவம் சமைக்கவேண்டும். ஒரு கண்ணிமைக்கு மட்டும் பல பிறைகள் வேண்டும். சக்கரத்தின் மேல்வளைவில் படம் நீண்டு கோணலாகும். கதவின் விளிம்பில் முறியும். ஆதலின் உலோகத்தின் வளைவை முன்கூட்டியே எண்ணி, கோணலாகவே வரைந்து நேராகத் தோன்றச் செய்யவேண்டும். புள்ளி வைத்துக் கோலமிடும் கைகளுக்கு இந்தப் பொறுமை விளங்கும். 2007-இல் வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 2-இல், இவ்வாறு தீட்டிய கார்களை விளையாட்டுப் பணத்திற்கு ஏலம் விட இடம் அமைத்தனர். பந்தயத்தில் ஓடாமலே வண்ணந் தீட்டிப் பெயர் பெறலாம் என்றாயிற்று. 2017-இன் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், கணினியில் வரைந்த படத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்ட இசைவு தந்தது. வசதிதான். ஆயினும் அங்கே ஒட்டியவனையும் படைத்தவனையும் பிரித்தறிவது கடினமாயிற்று.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இவையெல்லாம் கார் நிறுவனங்களின் விளம்பரமே. கனவு என்று நாம் சொல்வது உரிம ஒப்பந்தத்தால் வந்தது என்பர். இதில் உண்மை இருக்கிறது. 2000 முதல் 2016 வரை போர்ஷே கார்களுக்கான உரிமம் ஒரே விளையாட்டு நிறுவனத்திடம் இருந்தமையால், கிரான் டூரிஸ்மோவில் அவற்றிற்கு மாற்றாக ஜெர்மனியின் ரூஃப் நிறுவனக் கார்களே ஓடின. கனவு காணவும் கையெழுத்து வேண்டியிருந்தது! ஆனால் புரவலன் பொருள் தந்தான் என்பதனால் மட்டும் பாட்டு பொய்யாகிவிடுவதில்லை. கெடுவது எப்போதெனின், பொருள் பாட்டின் உள்ளேயே புகுந்து சீரைத் தீர்மானிக்கும்போது.

அவ்வாறு புகுந்ததற்கும் சான்று இருக்கிறது. 2017-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் பேபேக் என்னும் விளையாட்டில், எஞ்சின் உறுப்பைத் தேர்ந்து வாங்குவதற்குப் பதிலாக அட்டைகள் வைக்கப்பட்டன. என்ன அட்டை வரும் என்பதில் குலுக்கலும் கலந்தது. ஆராய்ந்து அமைத்த கை, சீட்டுக்காகக் காத்திருக்கும் கையாயிற்று. கிரான் டூரிஸ்மோ 7 வெளிவந்தபோது அதில் மெக்லாரன் எஃப்1-இன் விலை 1 கோடியே 85 இலட்சம் கிரெடிட்டாக இருந்தது. விளையாட்டு வந்த அதே மார்ச் மாதத்தில், சில பந்தயங்களின் பரிசுத்தொகை குறைக்கப்பட்டது. 20 இலட்சம் கிரெடிட்டை ஏறத்தாழ 20 அமெரிக்க டாலருக்கு வாங்கலாம் என்றும் இருந்தது. கணக்குப் போட்டவர்கள் வெகுண்டனர். யாமாவுச்சி வருத்தம் தெரிவித்து, ஆடுவோர்க்கு 10 இலட்சம் கிரெடிட் வழங்கச் செய்தார். ஏப்ரலில் பரிசுகளும் உயர்த்தப்பட்டன. கனவுக் கார் தொலைவில் இருப்பது முதல் விளையாட்டின் சிறப்பு என்று மேலே கூறினேன். அந்தத் தொலைவைக் கடக்க உழைப்பு வழியாகும்வரை அது சிறப்பு. பணப்பை குறுக்குவழியாகும் இடத்தில் அதே தொலைவு சுங்கச்சாவடியாகிவிடுகிறது.

இதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட தி க்ரூ என்னும் விளையாட்டு, அமெரிக்க ஐக்கிய நாடு முழுவதையும் சுருக்கி ஒரே நிலப்படமாக்கித் தந்தது. கடற்கரையிலிருந்து கடற்கரை வரை நிற்காமல் ஓட்டலாம். ஒரே காரைத் தெருவிற்கு ஒருவகை, மண்பாதைக்கு ஒருவகை, காட்டுமேட்டிற்கு ஒருவகை, பந்தயத் தடத்திற்கு ஒருவகை என்று உருமாற்றி அமைக்கும் முறை அதன் தனிச் சிறப்பு. தெருவில் நாகரிகமாக நின்ற கார், பாறையேறும் கோலத்தில் உடல் உயர்ந்து, பருத்த சக்கரத்தோடு வந்து நிற்கும்போது, ஒரே கதைமாந்தனை இரு நாடகங்களிற் கண்டதுபோல் இருக்கும். ஆனால் அவ்விளையாட்டைத் தனியே ஆடுவதற்கும் நிறுவனத்தின் கணினியோடு இணைய இணைப்பு வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினர். 2024 மார்ச் 31-ஆம் நாளோடு அக்கணினிகளையும் மூடினர். காசு கொடுத்து வாங்கிய வட்டு கையில் இருந்தும் விளையாட்டு திறக்கவில்லை. பத்தாண்டுக் காலம் எத்தனையோ பேர் சிறுகச் சிறுகப் புனைந்த கார்கள் அத்தனையும் அன்றிரவோடு இல்லாமற் போயின.

செல்லரித்த ஏடுகளை எண்ணி இன்றும் வருந்துகிறவர்கள் நாம். செல்லுக்கு அறிவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அழித்தது நாள் குறித்துச் செய்த முடிவு. உரிமம் முடிவுற்றதால் ஃபோர்சா ஹொரைசன் 4-உம் 2024 டிசம்பர் 15-ஆம் நாள் விற்பனையிலிருந்து நீங்கியது. ஆயினும் வாங்கியவர்களிடம் அது இருக்கிறது. அவர்கள் கார்களும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டையே ஆடுவோர் கேட்கின்றனர். விற்பதை நிறுத்துங்கள், விற்றதைப் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் வழக்கு. தி க்ரூவின் முடிவை ஒட்டி 2024-இல் எழுந்த இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாக வளர்ந்து, 2025 ஜூலையில் 10 இலட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. இது விளையாட்டுப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தான் ஆக்கியதை ஆக்கம் என்று உணர்ந்தவனே அதன் இழப்பிற்கு வழக்காடுவான். நிறுவனமும் 2024 செப்டம்பரில், தி க்ரூ வரிசையின் அடுத்த இரு விளையாட்டுகளையும் இணைய இணைப்பின்றி ஆட வகைசெய்வதாக அறிவித்தது. முதலாவதற்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1997-இன் கிரான் டூரிஸ்மோவில் அமைத்த காரைக் காத்து வைக்க, உள்ளங்கையில் அடங்கும் நினைவு அட்டை ஒன்று இருந்தது. அதன் கொள்ளளவு 128 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க இயலாது. எவரும் மூட முடியாத பெட்டி அது. பழைய பிளேஸ்டேஷன் ஒன்றைத் தேடிப்பிடித்து, தூசு தட்டி, அந்த அட்டையைச் செருகினால், முதற்பரிசுப் பணத்தில் வாங்கிய புகைக்குழாயோடு அந்தச் சிறு கார் கொட்டகையில் இன்றும் நிற்கக் காணலாம்.